லாஜிக் ஆய்வுக்குள் நுழைவது எப்படி: தரமணியிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் படித்த எல்லோருக்கும் டிஓசி, அதாவது தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் என்ற பாடம் நினைவிருக்கும். வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, டிஎஃப்ஏ, என்எஃப்ஏ வரைந்து, மார்க் வாங்கிவிட்டு அடுத்த செமஸ்டருக்குப் போய்விடுவோம். ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றிரண்டு பேருக்கு அந்தப் பாடம் மனதை விட்டுப் போகாது. ஒரு வேலையை எந்தக் கணினியாலும் செய்யவே முடியாது என்று நிரூபிக்க முடிகிறதே, அது எப்படி என்று யோசித்துக்கொண்டே இருப்பார்கள். இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் உண்டு, அதுவும் சென்னையிலேயே உண்டு என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. எனக்கும் கல்லூரி முடிக்கும்வரை யாரும் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

துறை எது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினியால் எது முடியும், எது முடியாது, எழுதிய நிரல் சொன்னபடி நடக்குமா என்பதையெல்லாம் கணித நிரூபணத்தால் ஆராய்வதுதான் இங்கே லாஜிக் ஆய்வு. 1936இல் ஆலன் டூரிங் கணினி என்ற கருத்தை எழுதியதே ஒரு லாஜிக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான். 1977இல் அமீர் புனுவேலி, காலத்தைப் பற்றிப் பேசும் டெம்பொரல் லாஜிக்கைக் கொண்டு நிரல்களைச் சரிபார்க்கலாம் என்று காட்டினார். அதற்காக 1996இல் டூரிங் விருது பெற்றார். நிரலோ சிப்போ சொன்னபடி நடக்குமா என்று கணினியே தேடிச் சொல்லும் மாடல் செக்கிங் முறைக்காக கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூவரும் 2007ஆம் ஆண்டுக்கான அதே விருதைப் பெற்றார்கள். 1994இல் பென்டியம் சிப்பில் வகுத்தல் பிழை வெளிவந்து இன்டெலுக்கு 47.5 கோடி டாலர் செலவானது. சிப் நிறுவனங்கள் இந்தத் துறையின் பக்கம் தீவிரமாகத் திரும்பியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் படி: ஒரே ஒரு தேற்றத்தை அடிவரை படியுங்கள்

பலரும் முதலில் தேடுவது இன்டர்ன்ஷிப் பட்டியலைத்தான். அதைப் பிறகு பார்க்கலாம். ஒரு தேற்றத்தை எடுத்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெள்ளைத்தாளில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். விண்ணப்பம், கடிதம், நேர்காணல் எல்லாம் கடைசியில் இதில்தான் வந்து நிற்கும். நான் யாருக்கும் முதலில் தரும் தேற்றம் இது.

டிஎஃப்ஏ, என்எஃப்ஏ இரண்டும் ஒரு சொல்லை எழுத்து எழுத்தாகப் படித்து நிலை மாறிக்கொண்டே போகும் இயந்திரங்கள், அதாவது ஆட்டோமேட்டா. டிஎஃப்ஏவுக்கு ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே பாதை; என்எஃப்ஏவுக்குப் பல பாதைகள் இருக்கலாம், ஒன்றை ஊகித்துப் போகும். இரண்டும் சம பலம் கொண்டவை என்று படித்திருப்போம். என்எஃப்ஏவால் முடிகிற எதுவும் டிஎஃப்ஏவாலும் முடியும். இப்போது முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்காமல் ஓடும் சர்வர், ஆபரேட்டிங் சிஸ்டம் போன்றவற்றின் நடத்தையை இப்படித்தான் எழுதுவார்கள். இத்தகைய சொற்களுக்கான ஆட்டோமேட்டாவை 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர் பியூக்கி. சொல்லைப் படித்துக்கொண்டு போகும்போது, ‘ஏற்கும் நிலை’ என்று குறித்துவைத்த நிலைகளில் ஒன்று முடிவில்லாத தடவை வந்தால் அந்தச் சொல்லை ஏற்பது என்பது அவருடைய விதி.

எழுத்துகள் இரண்டே: க, ப. மொழி என்றால் சொற்களின் தொகுப்பு. ‘ஏதோ ஓர் இடத்துக்குப் பிறகு க வரவே வராது’ என்ற மொழியை எடுத்துக்கொள்வோம். என்எஃப்ஏ மாதிரியான இயந்திரத்துக்கு இது சுலபம். ‘இனிமேல் க வராது’ என்று ஓர் இடத்தில் ஊகித்து, ப மட்டுமே அனுமதிக்கும் நிலைக்குத் தாவிவிடும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே பாதை கொண்ட இயந்திரத்தால் இது முடியுமா? முடியும் என்று வைத்துக்கொள்வோம். பபபப என்று போய்க்கொண்டே இருக்கும் சொல்லை அது ஏற்க வேண்டும். ஆகவே சில ப-க்களுக்குப் பிறகு ஏற்கும் நிலைக்கு வந்தே தீரும். அங்கே நிறுத்தி ஒரு க போடுங்கள். மறுபடியும் பபபப. இந்தச் சொல்லில் ஒரே ஒரு க-தான் இருக்கிறது, அதனால் இதையும் ஏற்க வேண்டும்; மறுபடி ஏற்கும் நிலை வரும். அங்கே இன்னொரு க. இப்படியே போய்க்கொண்டிருந்தால் கடைசியில் கிடைக்கும் சொல்லில் க முடிவில்லாத தடவை வருகிறது. ஆனால் இயந்திரமும் ஏற்கும் நிலைக்கு முடிவில்லாத தடவை வந்துவிட்டது. ஏற்கக்கூடாத சொல்லை ஏற்றுவிட்டது. ஆகவே அப்படி ஓர் இயந்திரம் கிடையாது.

இப்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: ‘ஒரே பாதை’ என்பதை இந்த நிரூபணத்தில் எந்த வரியில் பயன்படுத்தினோம்? ஊகிக்கும் இயந்திரத்திடம் இதே வாதம் ஏன் செல்லாது? அது பிடிபட்டால் அடுத்த கேள்வி தானாக வரும். ஒரே பாதையாக மாற்ற முடியாவிட்டால், இந்த மொழிகளின் எதிர்மறையை, அதாவது மொழியில் இல்லாத சொற்களை மட்டும் ஏற்கும் இயந்திரத்தை எப்படிக் கட்டுவது? அந்தக் கேள்வி 1988இல் சாஃப்ரா கொடுத்த கட்டுமானம் வரை கூட்டிக்கொண்டு போகும். அங்கே போய்ச் சேர ஒரு மாதம் ஆகலாம், ஆகட்டும்.

கூடவே கேட்க ஒரு பாடம் வேண்டுமென்றால், சென்னை கணிதவியல் நிறுவனமான சிஎம்ஐயின் பி. ஸ்ரீவத்சன், என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் எடுத்த மாடல் செக்கிங் பாடம் இருக்கிறது. இலவசம். இந்த ஆட்டோமேட்டாவெல்லாம் அதிலும் வரும்.

இரண்டாம் படி: பக்கத்தில் இருப்பவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தை அங்கே இருப்பவர்கள் மேட்சயன்ஸ் என்பார்கள். 1962இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கியது. சிறுசேரி சிப்காட்டில் இருப்பது சென்னை கணிதவியல் நிறுவனம், அதாவது சிஎம்ஐ. 1989இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் பகுதியாகத் தொடங்கியது. பி.எஸ். தியாகராஜன், ஆர். ராமானுஜம், கமல் லோதயா, மாதவன் முகுந்த் போன்றவர்கள் இந்த இரண்டு இடங்களிலும் பல பத்தாண்டுகள் உழைத்ததால், லாஜிக், ஆட்டோமேட்டா ஆய்வில் சென்னைக்கு உலக அளவில் ஒரு பெயர் இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் வழியாகப் பள்ளிக் கணிதத்துக்காக ஊர் ஊராகப் போகிற ராமானுஜமும் இவர்தான். உங்களில் சிலர் பள்ளி நாட்களிலேயே அவர் பேசக் கேட்டிருக்கலாம்.

இந்த நிறுவனங்களில் நடக்கும் செமினார் அறிவிப்புகள் அவற்றின் இணையதளத்திலேயே இருக்கும். சென்னையில் இருப்பவர்கள் ஒரு தடவை போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். முதல் பத்து நிமிடம் புரிந்தாலே நல்ல ஆரம்பம். சென்னைக்கும் பிரான்ஸுக்கும் பல ஆண்டுகளாக ஒரு பாலம் உண்டு. ரிலாக்ஸ் என்ற இந்திய-பிரெஞ்சு ஆய்வகத்தில் சிஎம்ஐ, மேட்சயன்ஸ், பாரிஸ்-சாக்லே எகோல் நார்மால், போர்தோ பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்திருக்கின்றன. அதனால் அங்கிருந்து வருகிறவர்களின் பேச்சைக் கேட்கும் வாய்ப்பும் அடிக்கடி வரும்.

அப்புறம் கடிதம். கோடையில் இரண்டு மாதம் ஒருவரிடம் வேலை செய்ய விரும்பினால் மின்னஞ்சல் எழுத வேண்டும். அதைப் பெரும்பாலும் எப்படி எழுதுகிறோம்? ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி, மார்க், சான்றிதழ், தெரிந்த நிரல் மொழிகள் எல்லாவற்றையும் அடுக்கி, ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்புவோம். பெண் பேராசிரியர்களுக்கும் அது ‘சார்’ என்றே போய்ச் சேரும். அவர்களுடைய ஆய்வைப் பற்றி ஒரு வரி இருக்காது. நாற்பதிலிருந்தும் பதில் வராது.

இப்படிச் செய்து பாருங்கள். பேராசிரியர் என்று பெயர் சொல்லி அழையுங்கள். முதல் பத்தியில் நீங்கள் யார், எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு. இரண்டு வரி போதும். இரண்டாம் பத்தியில் அவர் எழுதிய ஒரு பேப்பரில் நீங்கள் படித்த பகுதி, அதில் புரிந்தது, புரியாதது. ‘மூன்றாம் பகுதியில் வரும் துணைத்தேற்றத்தில் இயந்திரம் ஒரே பாதை கொண்டது என்று எடுத்துக்கொள்கிறீர்கள், அது இல்லாவிட்டால் நிரூபணம் எங்கே உடைகிறது என்று நான் யோசித்ததை இணைத்திருக்கிறேன்’ என்று எழுதினால் அவர் இணைப்பைத் திறப்பார். அந்த இணைப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. கடைசியில் எந்த மாதங்கள் வர முடியும் என்பது. மொத்தம் இருநூறு வார்த்தைக்குள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு தடவை நினைவூட்டலாம்.

எல்லோருடைய பேப்பரும் எங்கே கிடைக்கும் என்றால், டிபிஎல்பி தளத்தில் பெயரைப் போட்டால் அவர் எழுதியதெல்லாம் ஆண்டு வாரியாக வரும். முழுக் கட்டுரை பெரும்பாலும் ஆர்கைவ் தளத்தில் இலவசமாகவே இருக்கும்.

மூன்றாம் படி: கோடை வாய்ப்புகள்

இந்தியாவில் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு ஃபெல்லோஷிப் முக்கியமானது. இரண்டு மாதம், உதவித்தொகை உண்டு, கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடும். கோடைக்கு ஏப்ரலில் தேடுகிறவர்கள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். வெளிநாட்டில் ஆஸ்திரியாவின் இஸ்டா ஆய்வு நிறுவனம், ஜெர்மனியில் கைசர்ஸ்லாவ்டர்ன், சார்புரூக்கன் நகரங்களில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் மென்பொருள் நிறுவனம், சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல் பல்கலைக்கழகம் மூன்றும் இளநிலை மாணவர்களைக் கோடைக்குப் பணம் கொடுத்து எடுக்கின்றன. மூன்றிலும் வெரிஃபிகேஷன், அதாவது நிரல்களைச் சரிபார்ப்பது சார்ந்த குழுக்கள் உண்டு.

நான்காம் படி: லாஜிக் பள்ளிகள்

மாநாட்டுக்கு முன்னால் ஒரு பள்ளிக்குப் போய்வருவது நல்லது என்பது என் கருத்து. மாநாட்டில் இருபது நிமிடப் பேச்சு தலைக்கு மேல் போகும். பள்ளியில் ஒருவர் ஐந்து நாள் உட்கார்ந்து அடியிலிருந்து சொல்லித்தருவார்.

இந்தியாவில் லாஜிக் ஆய்வாளர்களின் சங்கமான ஏஎல்ஐ, மாநாட்டையும் பள்ளியையும் மாற்றி மாற்றி நடத்திவருகிறது. ஐசிஎல்ஏ மாநாடு பெரும்பாலும் ஒற்றைப்படை ஆண்டுகளில். 2009லும் 2013லும் சென்னையில் நடந்தது. இஸ்லா பள்ளி இரட்டைப்படை ஆண்டுகளில். கணிதம், தத்துவம், கணினி அறிவியல் மூன்று பக்கத்து ஆட்களும் ஒரே அறையில் உட்காரும் இடம் அது. கருவிகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, டிசம்பர் வாக்கில் நடக்கும் இந்திய சாட்-எஸ்எம்டி பள்ளி பொருத்தமாக இருக்கும். லாஜிக் வாக்கியங்களுக்குத் தீர்வு உண்டா என்று தானாகத் தேடும் கருவிகள்தான் சாட், எஸ்எம்டி.

ஐரோப்பாவில் எஸ்லி கோடைப்பள்ளி 1989 முதல் நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் வேறு நகரம், இரண்டு வாரம், ஒவ்வொரு பாடமும் தினம் ஒன்றரை மணி நேரம் என்று ஐந்து நாள். லாஜிக், மொழியியல், கணினி மூன்றும் சேர்ந்தது. மாணவர்கள் தங்கள் வேலையைச் சொல்ல ஒரு தனி அரங்கும் உண்டு. பவேரியாவின் மார்க்ட்டோபர்டார்ஃப் பள்ளி வெரிஃபிகேஷன்காரர்களுக்கு. அமெரிக்காவில் பெரும்பாலும் யூஜீன் நகரில் நடக்கும் ஆரிகன் பள்ளி நிரல் மொழிகளையும் டைப் தியரியையும் விரும்புகிறவர்களுக்கு.

ஐந்தாம் படி: மாநாடு

முதலில் கேட்பவராகப் போங்கள். இந்தியாவில் இதற்கு எஃப்எஸ்டிடிசிஎஸ்தான் சரியான இடம். 1981 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கிறது. நடத்துவது ஐஆர்க்ஸ் என்ற சங்கம். ஏ, பி என்று இரண்டு பிரிவுகள். ஏ அல்காரிதம் பக்கம். லாஜிக், ஆட்டோமேட்டா, வெரிஃபிகேஷன் எல்லாம் பி. 2016இல் சிஎம்ஐயிலும் 2022இல் ஐஐடி மெட்ராஸிலும் நடந்தது. மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் குறைவு. முன்பின் நாட்களில் நடக்கும் ஒர்க்‌ஷாப்புகளையும் விடாதீர்கள். அங்கே கூட்டம் குறைவு என்பதால் கேள்வி கேட்க கூச்சம் இருக்காது.

உலக அளவில் துறையின் முதன்மையான மாநாடு லிக்ஸ். 1986 முதல் நடக்கிறது. கட்டுரை அனுப்ப ஜனவரி வாக்கில் கடைசி நாள், மாநாடு கோடையில். மாணவர்கள் எழுதிய சிறந்த கட்டுரைக்கு லாஜிக் அறிஞர் க்ளீனி பெயரில் ஒரு விருது உண்டு. சிஎஸ்எல் ஐரோப்பிய மாநாடு, இப்போது ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கிறது. வெரிஃபிகேஷனுக்கு கேவ், ஒரே நேரத்தில் ஓடும் நிரல்களுக்கு கான்கர், நிரல் மொழிகளுக்கு பாப்பிள். 2015இல் பாப்பிள் மும்பைக்கே வந்தது. பெரும்பாலும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை லிக்ஸ், கேவ் உள்பட பல மாநாடுகள் ஒரே ஊரில் கூடும். அதற்கு ஃப்ளாக் என்று பெயர். 2018இல் ஆக்ஸ்ஃபோர்டு, 2022இல் ஹைஃபா, 2026க்கு லிஸ்பன்.

லிக்ஸ், பாப்பிள், கேவ் மூன்றையும் ஒட்டி மாணவர்களுக்கென்றே ஒரு நாள் மென்டரிங் ஒர்க்‌ஷாப் நடக்கும். அதற்கு விண்ணப்பிக்கக் கட்டுரை எதுவும் ஏற்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகளில் பயண உதவியும் தருகிறார்கள். நம் ஊர் மாணவர்கள் இதற்கு விண்ணப்பிப்பது குறைவு என்பது என் மனக்குறை.

கட்டுரை அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டால், அழைப்பு அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள். கடைசி நாள் பெரும்பாலும் இரண்டு இருக்கும்: சுருக்கத்தைப் பதிவு செய்ய ஒரு தேதி, சுமார் ஒரு வாரம் கழித்து முழுக் கட்டுரைக்கு ஒரு தேதி. என் முதல் கட்டுரைக்கு நான் இரண்டாவது தேதியை மட்டும் குறித்துவைத்திருந்தேன். கட்டுரையை முடித்துவிட்டு, சமர்ப்பிக்கும் தளத்தைத் திறந்தால், சுருக்கம் பதிவாகாததால் முழுக் கட்டுரையை ஏற்ற வழியே இல்லை. எட்டு மாத வேலை அடுத்த மாநாட்டுக்காகக் காத்திருந்தது. அதிலிருந்து முதல் தேதியைத்தான் சிவப்பு மையில் எழுதிவைக்கிறேன்.

இன்னொன்று, ‘பூமியில் எங்காவது’ என்ற நேரக்கணக்கு. ஏஓஇ என்று போட்டிருப்பார்கள். உலகில் கடைசியாக நாள் முடியும் நேரமண்டலம் அது, கிரீன்விச்சுக்கு 12 மணி நேரம் பின்னால். 10ஆம் தேதி நள்ளிரவு ஏஓஇ என்றால் நமக்கு 11ஆம் தேதி மாலை ஐந்தரை மணி. அந்தக் கடைசி மாலையில் புதிய முடிவுகளைச் சேர்க்காதீர்கள். எழுத்துப்பிழை பார்ப்பதற்கும் மேற்கோள் சரிபார்ப்பதற்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, மூன்று மாதத்தில் மதிப்பாய்வு வரும். நிராகரித்தாலும் மூன்று பேர் உங்கள் கட்டுரையைப் படித்து எழுதிய குறிப்பு கையில் இருக்கும். அன்றைக்கு அதைப் படித்துவிட்டு மூடிவையுங்கள். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் பாதிக்கு மேல் நியாயமாகத் தெரியும். மதிப்பாய்வாளர் தவறாகப் புரிந்துகொண்ட இடங்களில் பெரும்பாலும் நம் எழுத்துதான் தெளிவில்லாமல் இருக்கும்.

பணமும் விசாவும்

கட்டுரை ஏற்கப்பட்டு வெளிநாடு போக வேண்டியிருந்தால், கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம் இந்தியாவும் ஐஆர்க்ஸும் சேர்ந்து மாணவர்களுக்குப் பயண உதவி தருகின்றன. மாநாடுகளும் தனியாகத் தருகின்றன. மாணவர் தன்னார்வலராக வேலை செய்தால் பதிவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் மாநாடுகளும் உண்டு. ஒன்றை மட்டும் நம்பாமல் எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள். கிடைத்ததை மற்றவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் நேரம் கிடைப்பது கஷ்டம். ஆகவே கட்டுரை ஏற்கப்பட்ட அன்றே அழைப்புக் கடிதம் கேட்டு அமைப்பாளர்களுக்கு எழுதுங்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் கட்டுரை எழுதத் தொடங்கும்போதே எடுத்துவிடலாம்.

ஆறாம் படி: முழுநேர ஆய்வு

சிஎம்ஐயில் எம்எஸ்சி, பிஎச்டி இரண்டுக்கும் அவர்களுடைய நுழைவுத்தேர்வு உண்டு, பெரும்பாலும் மே மாதம். மேட்சயன்ஸ் பிஎச்டிக்கு ஜெஸ்ட் தேர்வின் கோட்பாட்டுக் கணினி அறிவியல் தாள் அல்லது கேட் மதிப்பெண். மும்பையின் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம், அதாவது டிஐஎஃப்ஆர், தனியாக டிசம்பரில் தேர்வு வைக்கிறது. மத்திய அரசு நிதியில் நடக்கும் நிறுவனங்களில் 2023 முதல் ஆய்வு மாணவருக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டில் ‘இன்னும் படிப்பா?’ என்று கேட்கும்போது இந்த எண்ணைச் சொல்லுங்கள். படிப்பு என்ற பெயரில் இருந்தாலும் இது சம்பளம் வரும் வேலை.

ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளில் பிஎச்டிக்கு முன் முதுநிலைப் பட்டம் வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற இடங்களில் அது ஒப்பந்த வேலையாக விளம்பரமாகும். பிரான்ஸில் வழக்கமாக மூன்று ஆண்டு. லாஜிக்குக்கென்றே முதுநிலை வேண்டுமென்றால் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் ஐஎல்எல்சி ஆய்வு நிறுவனம் நடத்தும் இரண்டு ஆண்டுப் படிப்பு பெயர் பெற்றது. ஆனால் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்குக் கட்டணம் கடுமை. உதவித்தொகை உறுதியாகாமல் கிளம்பாதீர்கள்.

எங்கே விண்ணப்பித்தாலும் இரண்டு, மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். ‘வகுப்பில் ஒழுங்காக இருப்பார்’ என்று எழுதும் துறைத்தலைவரின் கடிதத்தைவிட, கோடையில் இரண்டு மாதம் உங்களுடன் கரும்பலகை முன்னால் நின்றவரின் பத்து வரிக்கு மதிப்பு அதிகம். கேட்பதென்றால் ஒரு மாதம் முன்பே கேளுங்கள்.

நேர்காணலில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். பயமுறுத்துவதற்காக இல்லை, நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்று பார்ப்பதற்காக. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், குறிப்பு கேட்கலாம், பாதியில் தவறு தெரிந்தால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். பெரும்பாலும் முதல் கேள்வி, உங்களுக்குப் பிடித்த தேற்றம் ஒன்றைச் சொல்லுங்கள் என்பதாக இருக்கும். சாக்பீஸை எடுத்து, பலகையில் பபபப என்று எழுதித் தொடங்குங்கள்.